கொழும்புப் பூங்காக்களில் இலையுதிர்கால நிறங்களைப் படமெடுக்க முடியுமா?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள் ஒவ்வொரு ஒக்டோபரும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூங்காப் படங்கள் அனுப்புகிறாராம். தங்கச்சியிடம் ஒரு கெனன் 200டி கமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு போன் இருக்கின்றன. கொழும்பில் அந்த மாதிரி நிறம் எங்கே, எந்த மாதம் கிடைக்கும், தான் எடுக்கும் படமெல்லாம் ஏன் பச்சை மரமும் வெள்ளை வானமுமாக வருகிறது என்று கேட்கிறார்.

முதலில் நேரடிப் பதில். கொழும்பில் இலையுதிர்காலம் கிடையாது. நிறம் மாறும் இலைகள் மட்டும் தாராளமாக உண்டு. அங்கே ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சிவக்கும். இங்கே இன்றைக்கு இந்த மரம், அடுத்த மாதம் அந்த மரம், சில வேளை ஒரு மரத்தில் ஒரு கிளை மட்டும். அதனால் பூங்கா முழுவதையும் ஒரு படத்துக்குள் அடக்கப் பார்த்தால் பச்சைதான் வரும். ஒரு மரத்தை எடுங்கள், முடிந்தால் ஒரு கிளையை எடுங்கள். லென்ஸ், நேரம், இடம் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் மரம் தேடுவது சுலபம். ஒன்ராறியோவில் செப்டெம்பர் தாண்டினால் பகல் வேகமாகச் சுருங்கும், இரவு குளிரும். மேப்பிள் மரம் இலையில் உள்ள பச்சையத்தை உடைத்து, அதிலுள்ள சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருளான கரோட்டினாய்ட் வெளியே தெரியும். சிவப்பு வேறு கதை. அந்தோசயனின் என்ற நிறப்பொருளை இலை அந்தக் கடைசி நாட்களில் புதிதாகத் தயாரிக்கிறது. கொழும்பு பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் முக்கால் மணித்தியாலம் அளவுதான் வித்தியாசம். பகல் சுருங்குவதை நம் மரங்கள் பெரிதாக உணர வழியில்லை. அவற்றுக்குக் கணக்கு மழையும் வரட்சியும்தான். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும். நம்முடைய ‘ஒக்டோபர்’ அதுதான்.

அந்த இரண்டு மாதமும் உங்களுக்கு வேண்டிய மரம் கொட்டம்பா. நாட்டு வாதுமை என்று புத்தகத்தில் இருக்கும். சின்ன வயதில் கல்லால் உடைத்துப் பருப்புத் தின்ற மரம் என்றால் உடனே புரியும். கடற்கரை ஓரம், பாடசாலை மைதானம், பழைய வீட்டு வளவு என்று எங்கும் நிற்கும், வெள்ளவத்தையிலேயே பார்க்கலாம். கிளைகள் தட்டுத் தட்டாகப் பக்கவாட்டில் விரியும், இலைகள் கிளை நுனியில் கொத்தாக இருக்கும். விழுவதற்கு முன்னால் இலை மஞ்சள், செம்மஞ்சள், அப்புறம் நல்ல இரத்தச் சிவப்பு என்று மாறும். எல்லா இலையும் ஒன்றாக மாறாததால் ஒரே கொத்தில் மூன்று நான்கு நிறம் சேர்ந்து நிற்கும். சில மரங்கள் வருடத்தில் இரண்டு தடவையும் உதிர்க்கும், ஆகவே ஜனவரியைத் தவறவிட்டாலும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

சிவந்த கொட்டம்பா இலை ஒன்றைப் பொறுக்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தரையில் கிடந்தபோது மங்கிய செங்கல் நிறமாகத் தெரிந்தது, வெளிச்சம் ஊடுருவியதும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி எரியும். நடு நரம்பும் பக்க நரம்புகளும் இன்னும் மஞ்சளாக, சில இலையில் பச்சையாகவே இருக்கும். பூச்சி அரித்த ஓட்டைகளின் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். ஓட்டையில்லாத இலையைத் தேடி அலைய வேண்டாம், ஓட்டையோடு இருப்பதுதான் படத்தில் நன்றாக இருக்கும். உங்கள் 18-55 லென்ஸ் கமராவிலிருந்து 25 சென்ரிமீற்றர் தூரம் வரை குவியும். ஜூமை 55 இல் வைத்து அவ்வளவு கிட்டப் போனால் ஓர் இலையின் பாதி சட்டகத்தை நிரப்பிவிடும். இதற்கு மேக்ரோ லென்ஸ் வாங்கத் தேவையில்லை. (மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தக் காய்ந்த இலையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊரில் கூட்டிக் குப்பையில் போடுகிறோம்.)

ஆனால் என்னைக் கேட்டால், கொழும்பில் சிவப்பைத் தேடுபவர் உதிரும் இலையைவிடத் துளிர்க்கும் இலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெப்பமண்டல மரங்களில் நிறைய, தளிரைச் சிவப்பாகவே விடும். அதே அந்தோசயனின்தான், இங்கே அது பிறக்கும் இலையில் வேலை செய்கிறது. கடும் வெயிலிலிருந்து பிஞ்சு இலையைக் காக்கிறது என்பது ஒரு விளக்கம், பூச்சிகளுக்குக் கவர்ச்சியில்லாமல் செய்கிறது என்பது இன்னொன்று. மாந்தளிர் நிறத்தைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, மேனிக்கும் பட்டுச்சேலைக்கும் அதைத்தான் சொல்கிறோம். நாகமரத்தின் தளிர் இன்னும் ஒரு படி மேல். இலங்கையின் தேசிய மரம் அது. புதுத் தளிர் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போது மரமே இளஞ்சிவப்புச் சால்வை போர்த்தி நிற்கும், தூரத்திலிருந்து பூ என்றே நினைப்பீர்கள். பிறகு வெளிர்பச்சை, அப்புறம் கரும்பச்சை. வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை துளிர்க்கும் மரம் அது. கறுவாவின் தளிரும் சிவப்புத்தான். ஒரு காலத்தில் கறுவாத்தோட்டம் முழுக்க அந்தச் சிவப்பு இருந்திருக்கும், இப்போது அங்கே தூதரகங்களும் பெரிய வீடுகளும். அரச மரம் இலையை உதிர்த்துவிட்டு விடும் துளிர் செப்பு நிறம், தகடு போல வழவழப்பு, காலை வெயில் பின்னாலிருந்து பட்டால் கண்ணாடி மாதிரி ஊடுருவும். இந்தத் தளிர் நிறமெல்லாம் சில நாட்களில் போய்விடும். வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கும் மரம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸிலிருந்தே அதன் நிலவரம் தெரிந்துவிடும்.

பூக்களையும் கணக்கில் சேர்த்தால் நாட்காட்டி இன்னும் நீளும். கொழும்பில் ரொபரோசியா என்று சொல்லும் இளஞ்சிவப்புத் தபேபுயா மார்ச், ஏப்ரல் பக்கம் பூக்கும். மரத்தில் இருப்பதைவிடக் கீழே விரிந்து கிடப்பதுதான் எனக்குப் பிடிக்கும். சித்திரை வருடப்பிறப்பு, வெசாக் காலத்தில் சரக்கொன்றையின் மஞ்சள். மே மாதத்தை ஒட்டி மைமாரா என்கிற தீக்கொன்றை. முருக்கு இலையே இல்லாத கிளையில் செக்கச்செவேலென்று பூத்து நிற்பது அதற்கும் முன்னால். மழை முன்னே பின்னே போனால் இவையும் முன்னே பின்னே போகும், திகதி குறித்து லீவு போட்டு விடாதீர்கள்.

சரி, வெளிச்சம். உங்கள் படங்கள் சப்பென்று வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ரொறன்ரோவில் ஒக்டோபர் நடுப்பகுதியில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 40 பாகைக்குக் கீழேதான் நிற்கும். பகல் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம், எப்போது எடுத்தாலும் ஓரளவு நன்றாக வரும். கொழும்பில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் 60 பாகை உயரத்தில். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் உச்சந்தலைக்கு நேர் மேலே. அந்த வெளிச்சத்தில் மேல் இலைகள் வெள்ளையாய் மின்னும், கீழ் இலைகள் கறுப்பாய்ப் போகும், இடையில் நிறத்துக்கு இடமே இல்லை. அதோடு இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறும், மணிக்குக் கிட்டத்தட்ட 15 பாகை. படம்பிடிப்பவர்கள் கொண்டாடும் அந்தப் பொன்னிற வெளிச்சம் நமக்கு அரை மணித்தியாலம்கூட முழுசாகக் கிடைக்காது. பெப்ரவரியில் ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால் விடியும். ஆறு மணிக்கே பூங்காவில் நில்லுங்கள், எட்டு, எட்டரைக்கு மூட்டை கட்டுங்கள். மாலையில் ஐந்துக்குப் பிறகு மீண்டும் வரலாம்.

காலையில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்கள் ஈர்க்குமாற்றோடு நேரத்துக்கே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இரவு முழுக்க விழுந்த இலை விரிப்பு கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் குவியலாகிவிடும். அவர்கள் வந்துவிட்டால் ‘அண்ணே, இந்தப் பக்கம் மட்டும் பத்து நிமிஷம் விடுங்கோ’ என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாகச் சிரித்துக்கொண்டே விடுவார்கள். குவித்த இலையும் மோசமில்லை. பின்னால் ஈர்க்குமாறு சாய்ந்திருக்க, முன்னால் மஞ்சள் குவியல் இருக்கும் படம் கொழும்பைச் சொல்லும். வெறும் இலை விரிப்பு எந்த ஊராகவும் இருக்கலாம்.

எங்கே நிற்பது? சூரியன் மரத்துக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். முதுகில் வெயில் படும்படி நின்று எடுத்தால் இலையின் மேற்பரப்பு மினுக்கம்தான் பதியும். எதிர்ப்பக்கம் போனால் நிறம் ஊடுருவி வரும். லென்ஸில் நேரடியாக வெயில் விழாமல் அடிமரத்தை மறைப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்தது பின்னணி. சிவப்பு இலைக்குப் பின்னால் வெள்ளை வானம் வந்தால் சிவப்பு செத்துவிடும், நிழலில் இருக்கும் பெரிய மரத்தின் கரும்பச்சை வந்தால் எழுந்து நிற்கும். இரண்டு அடி நகர்ந்து, கொஞ்சம் குனிந்தால் போதும், பின்னணி மாறிவிடும். வானம் மூட்டமாக இருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். மழை விட்டவுடனே வரும் மென்மையான வெளிச்சத்தில் ஈர இலையின் நிறம் வெயிலில் இருப்பதைவிட ஆழமாக இருக்கும். வானத்தை மட்டும் சட்டகத்துக்குள் விடாதீர்கள், அவ்வளவுதான்.

இனி கமரா. வெள்ளைச் சமநிலையை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கியில் விடாதீர்கள். சட்டகம் முழுக்கச் சிவப்பும் செம்மஞ்சளும் இருப்பதைப் பார்த்ததும் கமரா ‘வெளிச்சம்தான் மஞ்சள் போல’ என்று நினைத்து அதைக் குறைக்கப் பார்க்கும். 200டியில் சூரிய அடையாளம் போட்ட பகல் வெளிச்ச அமைப்பு 5200 கெல்வின், மேக அடையாளம் 6000 கெல்வின். வெயிலுக்கு முன்னது, மூட்டத்துக்குப் பின்னது. ரோவில் (RAW, கமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் வீட்டுக்கு வந்தும் மாற்றலாம். வெளிச்ச அளவை மூன்றில் ஒன்றோ மூன்றில் இரண்டோ நிறுத்தம் (ஸ்டொப், ஒன்று குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுங்கள். எரியும் சிவப்பில் மற்ற நிறங்களுக்கு முன்னால் சிவப்பு அலைவரிசை நிரம்பி வழிந்துவிடும், அப்புறம் இலை நரம்பில்லாத ஒரே சிவப்புத் திட்டாகும். சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டாது, மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். காலி வீதிப் பக்கம் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கடற்காற்று எழும்பத் தொடங்கினால் கிளை நிற்காது. 1/250 வினாடிக்குக் கீழே போகாதீர்கள், தேவைப்பட்டால் ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளியுணர்திறனை) 800 வரை ஏற்றுங்கள்.

ஒரே ஒரு பொருளுக்குக் காசு செலவழிப்பதென்றால் போலரைசர் வடிகட்டி வாங்குங்கள். வட்டப் போலரைசர் என்று கேட்க வேண்டும், உங்கள் லென்ஸுக்கு 58 மில்லிமீற்றர் அளவு. நம் மரங்களின் இலை மேப்பிள் மாதிரி மெல்லிசு இல்லை, மெழுகு பூசியது போல இருக்கும். அதில் வானம் தெறித்து ஒரு வெண்படலம் படிந்திருக்கும், வடிகட்டியின் வளையத்தைச் சுற்றும்போது அந்தப் படலம் விலகி உள்ளே இருக்கும் நிறம் வெளியே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈர இலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒன்றரை, இரண்டு நிறுத்தம் வெளிச்சத்தை அது தின்னும் என்பதை மறக்காதீர்கள். கணினியில் பின்னர் செய்ய முடியாத வேலை இது. மற்ற வடிகட்டிகளின் வேலையைப் பெரும்பாலும் கணினியில் செய்துவிடலாம், அவற்றை வாங்காதீர்கள்.

போனில் எடுப்பதென்றால் காட்சியை அடையாளம் கண்டு நிறத்தைத் தானே கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் புல் நெயோன் பச்சையாகும். அகலக் கோண லென்ஸைத் தொடாதீர்கள். இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். இலையைத் தொட்டு, அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். அவ்வளவும் செய்தால் பெரிய கமராவுக்கு அதிகம் பின்னால் நிற்காது.

இடங்களைப் பொறுத்தவரை விஹாரமகாதேவி பூங்காவிலிருந்து தொடங்குங்கள். பெரிய மரங்கள், நிழல், எதிரே வெள்ளை நிற நகர மண்டபம். கிளை இடைவெளியில் அந்தக் குவிமாடம் மங்கலாகத் தெரிந்தால் ஊர் எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். குடைக்குள் இருக்கும் சோடிகள் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம், அவர்களுக்கு இந்த ஊரில் வேறு இடமில்லை. பக்கத்தில் 1877 இல் திறந்த தேசிய நூதனசாலையின் முன்புல்வெளி ஆலமரங்கள் இருக்கின்றன, விழுதுகளுக்கிடையே காலை வெளிச்சம் கோடு கோடாக விழும். அங்கிருந்து சுதந்திர சதுக்கம் வரை நடந்தே போகலாம். பௌத்தாலோக மாவத்தையில் மாரா (தூங்குமூஞ்சி) மரங்கள் வீதிக்கு மேலே கூரை போட்டிருக்கும். கூரையை எடுப்பதைவிட அதன் சிற்றிலைகள் மஞ்சளாகி வாகனங்களின் மேல் கொட்டிக் கிடப்பதை எடுப்பது நல்லது. நிறுத்தியிருக்கும் கறுப்புக் காரின் கண்ணாடி ஒன்று போதும். தண்ணீரில் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் பத்தரமுல்லையில் தியத்த உயன. பேரை வாவியும் உண்டு, ஆனால் அந்தத் தண்ணீரே அடிக்கடி பாசிப் பச்சை, சிவப்பு அதில் எடுபடாது. எங்கே போனாலும் நீளக் கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். டெங்கு நுளம்பு கடிப்பதும் நாம் படமெடுக்கும் அதே காலை மாலை வேளைதான்.

கறுவாத்தோட்டப் பக்கம் தூதரகங்கள், அரச இல்லங்கள், இராணுவக் காவல் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றின் மதில் சட்டகத்துக்குள் வந்தாலே விசில் ஊதுவார்கள். முக்காலியை விரிக்க முன்னால் பூங்காக் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முக்காலியைக் கண்டால் கலியாணப் படப்பிடிப்பு என்று நினைத்துக் கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு. ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அந்தப் பகுதியில் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

திருத்தும்போது பச்சையைச் செம்மஞ்சளாக மாற்றும் தந்திரம் ஒன்று ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. பச்சைக்கான நிறப் பட்டியை இழுத்தால் ஒரு நொடியில் இலையுதிர்காலம் வந்துவிடும். பின்னால் நிற்கும் தென்னையும் சேர்ந்து செம்மஞ்சளாகி மானத்தை வாங்கிவிடும். அதைவிடச் சிவப்பைத் தொடாமல் பச்சையின் செறிவை 10, 20 குறைத்து, கொஞ்சம் இருட்டாக்கிப் பாருங்கள். சுற்றியுள்ள பச்சை அடங்கியதும் சிவப்பு தானாகவே மேலே வரும்.

எப்போதாவது ஒக்டோபரில் மச்சாளிடம் போக வாய்த்தால், அங்கே வேலை எதிர்மாறாக இருக்கும். எங்கு பார்த்தாலும் நிறம் என்பதால் எதை விடுவது என்பதே பிரச்சினை. ஒரு பச்சை ஊசியிலை மரத்தையோ ஓடையையோ சேர்த்துக்கொண்டால்தான் சிவப்புக்கு மதிப்பு வரும். அங்கு போகும்வரை நுவரெலியாவில் அது கிடைக்குமா என்று கேட்பீர்கள். குளிர் உண்டு, மேப்பிள் காடு இல்லை. ஆனால் ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மலைக்காட்டு மரங்கள் விடும் செந்தளிரைப் பார்த்தால் போன காசு வீணில்லை.

கடைசியாக ஒரு வீட்டு வேலை. ஏசி அறையிலிருந்து கமராவை எடுத்து நேரே காலைக் காற்றுக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படிந்து, நல்ல வெளிச்சம் இருக்கும் அந்த அரை மணித்தியாலம் துடைப்பதிலேயே போய்விடும். முந்தைய இரவே பையோடு ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். கடலுக்குக் கிட்ட இருக்கும் வீட்டில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்க அதிக காலம் எடுக்காது. மூடி இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல் பைகள், கிடைத்தால் ஒரு சின்ன ஈரப்பதமானி. ஊசி 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் சட்டியில் மெல்லிய சூட்டில் காயவைத்துத் திரும்பவும் பாவிக்கலாம், புதிதாக வாங்கத் தேவையில்லை.